ஆறாவது புகார்

"அப்பா, உங்க பரீட்சையில செத்துப்போனவங்க பாஸா, பெயிலா?"

என் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அப்பா ஆபீசில் என்ன வேலை செய்கிறார் என்று எழுதிக்கொண்டு வரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். நான் மார்க் போடுகிறேன் என்றேன். யாருக்கு என்றாள். இனி குணமாகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களுக்கு என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. நான் அவளைச் சாப்பிடச் சொன்னேன். பதில் தெரியாதபோது பெரியவர்கள் அதைத்தான் சொல்கிறோம்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அடுத்த மாதமே எங்கள் துறை ஏறக்குறைய இதே கேள்வியை விவாதிக்க இரண்டு நாள் கூட்டம் போட்டது. முடிவு எட்டப்படவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது.

எங்கள் துறையின் பெயர் அந்திமப் பராமரிப்புத் தர மதிப்பீட்டு அலுவலகம். நான் அதில் மூத்த மதிப்பீட்டாளன். எங்கள் படிவத்தில் நூற்றுப் பதினான்கு கேள்விகள். அவற்றில் முப்பத்தொன்று நானே எழுதியவை. மீதி, தங்கும் விடுதிகளுக்காக யாரோ எப்போதோ தயாரித்த படிவத்திலிருந்து வந்தவை. 'விருந்தினர்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'நோயாளி' என்று மாற்றியதும் நான்தான். கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் மாறிவிட்டது. அன்று கொஞ்சம் பெருமையாகத்தான் வீட்டுக்குப் போனேன். அதனால் 'நோயாளி மறுபடியும் இங்கே வந்து தங்க விரும்புவாரா?' என்ற கேள்வி நான்கு வருடம் எங்கள் படிவத்தில் இருந்தது. பெரும்பாலான இல்லங்கள் 'ஆம்' என்று டிக் செய்திருந்தன. நானும் அதற்கு முழு மார்க் கொடுத்துவந்தேன்.

தினமும் காலையில் பிரார்த்தனை செய்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். இன்றைக்கு என் கையால் யாருக்கும் கெடுதல் வந்துவிடக் கூடாது என்று கடவுளிடம் கேட்பேன். பிறகு பையில் படிவத்தை எடுத்து வைத்துக்கொள்வேன். இந்த இரண்டு காரியங்களுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை.

அந்த இல்லம் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்தது. ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் பல் ஆஸ்பத்திரி. பன்னிரண்டு கட்டில்கள், பதினொரு பேர். தலைமை நர்ஸைச் சிறியவர் பெரியவர் எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். உதவிக்கு இருந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் எப்போதும் ஒரு சீப்பைச் செருகியிருப்பார். படுக்கையில் கிடப்பவர்களுக்குத் தலை கலைந்திருக்கக் கூடாது என்பது அவருடைய ஒரே பிடிவாதம். அதனால் சீப்பக்கா என்று பெயர். படிவத்தில் 'ஊழியரின் சிறப்புத் தகுதி' என்ற இடத்தில் எதை எழுதுவது என்று கேட்டேன். "சீப்பு சொந்தச் சீப்புங்க," என்றார்.

நான் இரண்டு நாள் சுற்றிப் பார்த்தேன். தரை சுத்தமாக இருந்தது. வலிக்கு மருந்து நேரத்துக்குப் போனது. நள்ளிரவில் பயந்து எழுந்தவர் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தார்கள் என்று நோயாளிகளே சொன்னார்கள். பயத்தில் கையைப் பிடித்துக்கொள்வதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது. கூட்டிப் பார்த்தால் ஐம்பத்து நான்கு வந்தது. பாஸாக அறுபது வேண்டும்.

குறைந்தது எங்கே என்று தேடினேன். எண்பத்தொன்பதாவது கேள்வியில் பத்துக்குப் பூஜ்யம். 'ஆண்டுக்குக் குறைந்தது ஆறு புகார்களாவது பெறப்பட்டு, அவை தீர்க்கப்பட்டிருக்க வேண்டும்.' அது என் கேள்வி. முன்பு ஓர் இல்லத்தில் நோயாளிகள் பயந்து வாயே திறக்காமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு, அவர்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து நானே எழுதியது.

"புகார் நோட்டு எங்கே சிஸ்டர்?"

சிஸ்டர் எடுத்து வந்து கொடுத்தார். புத்தம் புதிதாக இருந்தது. முதல் பக்கத்தில் யாரோ பூ வரைந்திருந்தார்கள்.

எங்கள் இயக்குநருக்குப் போன் செய்தேன்.

"புகாரே இல்லாத இல்லமா? அப்போ எதையோ மறைக்கிறாங்க," என்றார்.

"எல்லாரையும் கேட்டுப் பார்த்தேன் சார். குறை ஒண்ணும் இல்லைங்கறாங்க."

"எல்லாரும்னா?"

"இப்ப இருக்கிற பதினொரு பேரும்."

"போன வருஷம் இருந்தவங்க?"

"அவங்க இப்ப இல்ல சார்."

"பார்த்தீங்களா? ஒருத்தர்கூடத் திரும்பி வந்து நல்லதா ஒரு வார்த்தை சொல்லல. இதையும் ரிப்போர்ட்ல சேர்த்துக்குங்க. சரி, போனாப் போகுது, ஏழு நாள் அவகாசம் குடுக்கறேன். அதுக்குள்ள ஆறு புகார் வந்தாகணும். இல்லேன்னா உரிமம் ரத்து."

உரிமம் ரத்தானால் பதினொரு பேரையும் பெரிய ஆஸ்பத்திரியின் நான்காவது மாடிக்கு மாற்றுவார்கள். நாற்பது கட்டில் போட்ட கூடம் அது. ஜன்னல் உயரத்தில் இருக்கும். பார்வையாளர் நேரம் மாலையில் ஒரு மணி. இந்தச் செய்தியைக் கூடத்தின் நடுவில் நின்று சொல்ல வேண்டியதும் என் வேலைதான்.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்த அம்மா கோர்ட்டில் முப்பத்து நான்கு வருடம் டைப்பிஸ்டாக இருந்தவர். மருந்தில் கொட்டி மறுபடி முளைத்த முடி அவருக்கு ஒரு விரல் நீளம்கூட இல்லை. கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, நான் வாடகை வீட்டுல பதினாலு தடவை சாமான் தூக்கினவ. இதுதான் கடைசின்னு நெனைச்சு வந்தேன். இன்னொரு தடவை தூக்க என்னால முடியாது."

"அவ்வளவு வேண்டியதில்லம்மா. ஆறு புகார் குடுத்தாப் போதும்."

"யார் மேல?"

"யார் மேல வேணும்னாலும்."

எதிர்க் கட்டிலில் இருந்த பஸ் டிரைவர் எழுந்து உட்கார்ந்தார். "இது எனக்குத் தெரிஞ்ச வேலை. முப்பது வருஷம் பயணிங்ககிட்ட வாங்கியிருக்கேன். எழுதிக்குங்க ஆபீசர். இங்க டீயைச் சூடாக் குடுக்கறாங்க. நாக்கு சுடுது."

டைப்பிஸ்ட் அம்மா காகிதம் கேட்டு வாங்கி, 'மேற்படி தேநீரானது அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்ட வெப்பத்துடன் வழங்கப்பட்டு' என்று எழுத ஆரம்பித்தார். கூடமே சுறுசுறுப்பாகிவிட்டது. மூன்றாம் கட்டில் பெரியவர் ஒரு நாளும் பேசாதவராம். அவர் மெல்லச் சொன்னார்: "வலிக்குதா வலிக்குதான்னு ஓயாமக் கேக்கறாங்க. இல்லாத வலியும் இருக்கோன்னு சந்தேகமா இருக்கு." சிஸ்டர் வேலை செய்யும்போது பாட்டு முணுமுணுக்கிறார், இரண்டாவது வரி காதில் விழவில்லை என்று ஒருவர். பார்க்க வரும் மருமகளைச் சாப்பிடாமல் அனுப்புவதில்லை, அதனால் அவள் தினமும் வந்துவிடுகிறாள் என்று ஒரு மாமியார். ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெயில் கண்ணைக் கூசுகிறது என்று மறுபடியும் டிரைவர்.

"அண்ணே, ஜன்னல் என் கட்டில்கிட்ட இருக்கு," என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

"உங்க கஷ்டத்தைத்தாம்மா நான் சொல்றேன்."

ஆறாவது யாருக்கும் அகப்படவில்லை. இருந்த ஐந்து புகார்களையும் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பரோபகாரம் செய்த களைப்போடு பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டதாக ஞாபகம்.

ஆறாம் நாள் பதில் வந்தது. ஐந்தும் 'வசதிக் குறைபாடு' என்ற வகையில் ஏற்கப்பட்டன. ஆறாவது மட்டும் 'கவனிப்பு மறுப்பு' வகையாக, ஊழியர் பெயரோடு இருக்க வேண்டும். ஒரு நாள்தான் மிச்சம்.

மறுநாள் காலை நான் போய் இதைக் கூடத்தில் சொன்னேன். சீப்பக்கா அப்போது டைப்பிஸ்ட் அம்மாவின் கட்டிலுக்குப் பின்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே, "எம் மேல எழுதுங்க," என்றார்.

"உம் மேல என்னன்னு எழுதறது? சீப்புல ஒரு பல்லு கொறையுதுன்னா?" என்றார் டிரைவர்.

டைப்பிஸ்ட் அம்மா காகிதத்தைத் தள்ளி வைத்தார். "கோர்ட்டுல ஊரார் சொன்ன பொய்யெல்லாம் இந்தக் கையாலதான் அடிச்சேன் தம்பி. ஆனா ஒண்ணுக்குக் கீழகூட என் கையெழுத்து இல்ல."

இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். பேசினேன். "வெறும் காகிதம்மா. யாரும் படிக்க மாட்டாங்க. உள்ளதைச் சொன்னா, நானே படிக்கிறதில்ல. நாலாவது மாடியை நெனைச்சுப் பாருங்க."

அவர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மூன்றாம் கட்டில் பெரியவர் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லுங்க, எழுதறேன்," என்றார்.

நான் சொன்னேன். 'மேற்படி ஊழியர் கடந்த ஒன்பது நாட்களாக எனக்குத் தலை வாரிவிடவில்லை.' ஒன்பது என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. நம்பும்படியாக இருந்தது.

"தலையைக் கொஞ்சம் நிமித்துங்கம்மா," என்றார் சீப்பக்கா, வாரியபடியே.

"இரு. கையெழுத்துப் போட்டுக்கறேன்."

இல்லம் அறுபத்து நான்கு மார்க் வாங்கிப் பாஸாகிவிட்டது. சான்றிதழ் கொடுக்க இயக்குநரே நேரில் வந்தார். சான்றிதழைச் சட்டம் போட்டு, அதை மாட்ட ஆணியும் சுத்தியலும் எங்கள் ஆபீசிலிருந்தே கொண்டுவந்தோம். நோயாளிகள் தூங்கும் நேரத்தில் நான்தான் ஆணி அடித்தேன். பிறகு இயக்குநர் பேசினார்.

"நோயாளிகளே, இன்று உங்களுக்குப் பெருமையான நாள். நீங்கள் தரமான இடத்தில் இருக்கிறீர்கள் என்பது நேற்றுவரை உங்களுக்கே தெரியாது. நாங்கள்தான் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறோம். சென்ற ஆண்டு இங்கிருந்து முப்பத்தெட்டுப் பேர் விடைபெற்றிருக்கிறார்கள். ஒருவர்கூட வேறு இல்லத்துக்கு மாறவில்லை என்பதை எங்கள் புள்ளிவிவரம் காட்டுகிறது. நான் மனிதர்களைப் பார்ப்பதில்லை, மார்க்கைத்தான் பார்க்கிறேன் என்று என்னைச் சிலர் குறை சொல்வார்கள். மனிதர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். மார்க் நிலைத்து நிற்கும். அடுத்த ஆண்டு எண்பதுக்கு மேல் எடுக்க வேண்டும். அன்றும் இதே முகங்களை இங்கே பார்க்க ஆசைப்படுகிறேன்."

"நாங்களும் அதைத்தான் சார் ஆசைப்படறோம்," என்று சொல்லிக் கைதட்டினார் டிரைவர். இயக்குநர் கையை உயர்த்தி நன்றி சொன்னார்.

ஆனால் புகார் வந்தால் அதைத் தீர்க்க வேண்டும். எண்பத்தொன்பதாவது கேள்வியின் பிற்பாதி அது. ஆகவே சீப்பக்காவுக்கு இரண்டு நாள் கட்டாயப் பயிற்சிக்கு உத்தரவு வந்தது. தலைப்பு, 'படுக்கை நோயாளிக்குத் தலை வாருதல்: கோட்பாடும் நடைமுறையும்'. முதல் நாள் முழுவதும் கோட்பாடு. இரண்டாம் நாள் பிளாஸ்டிக் தலை ஒன்றைக் கொடுத்து வாரச் சொன்னார்கள். சீப்பக்கா அறுபத்தொரு மார்க்கில் தேறினார். பயிற்சியாளரின் குறிப்பை நானே பார்த்தேன்: 'பொம்மையிடம் வலிக்கிறதா என்று கேட்டு நேரத்தை வீணாக்குகிறார்.'

அந்த இரண்டு நாளும் இல்லத்தில் யாருக்கும் யாரும் தலை வாரவில்லை. நான் மறு ஆய்வுக்குப் போனபோது டைப்பிஸ்ட் அம்மாவின் முடி சிலுப்பிக்கொண்டு நின்றது. முன்னைவிட இளைத்திருந்தார்.

"ஒன்பதுல ரெண்டு உண்மையாயிடுச்சு தம்பி," என்றார். "இன்னும் ஏழுதான் பாக்கி."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தக் காகிதம் எங்க இருக்கும்?"

"ஆவண அறையில. பத்து வருஷம் வெச்சிருப்போம்மா."

"எனக்குப் பத்து நாள் இருந்தாலே பெருசு. நான் போன பிறகும் அவ பேர்ல அது அங்க கெடக்கும். எனக்குத் தலை வாரினவ மேல நான் எழுதினது. அதை வாபஸ் வாங்கிடணும்."

வாபஸ் வாங்க விதி இருக்கிறது. புகார் செய்தவர் வேலை நாளில் பத்து மணியிலிருந்து பன்னிரண்டுக்குள், மனுவின் இரண்டு பிரதிகளோடு அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும். மூன்றாவது மாடி. லிப்ட் ஊழியர்களுக்கு மட்டும். இதை நான் அவரிடம் விதி எண்ணோடு சொன்னேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. ஆனாலும் முழுவதும் சொன்னேன்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு தலையணையில் சாய்ந்தார். பிறகு, "நீங்க பாத்துக்குங்க தம்பி," என்றார்.

"பாத்துக்கறேன்மா," என்றேன். ஆபீசில் ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்கிற அதே குரலில்.

அடுத்த வியாழக்கிழமை மதியம் அவர் போய்விட்டார். சிஸ்டர் போனில் சொன்னார். ஜன்னல் திறந்திருந்ததாம். சீப்பக்கா பக்கத்தில் இருந்தாராம். வேறு விவரம் நான் கேட்கவில்லை.

எங்கள் அலுவலகம் அவருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தது அதன் பிறகுதான். குறை தீர்ந்ததா என்று புகார்தாரர் முப்பது நாளுக்குள் கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும். பதில் வராததால் நினைவூட்டுக் கடிதம் போயிற்று. பிறகு இன்னொன்று. மூன்றாவதில் 'இறுதி வாய்ப்பு' என்று சிவப்பில் அச்சிட்டிருந்தது. சிஸ்டர் மூன்றின் மேலும் 'விலாசதாரர் காலமானார்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். எங்கள் படிவத்தில் 'பதில் அளித்தார்', 'பதில் அளிக்கவில்லை' என்று இரண்டே கட்டங்கள். முப்பத்தொன்றாம் நாள் கோப்பில் முத்திரை விழுந்தது: 'புகார்தாரர் திருப்தி தெரிவிக்கவில்லை. கவனிப்பு மறுப்பு நிரூபணமானது.'

நிரூபணமானால் அந்த ஊழியரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. எந்த இல்லத்திலும் இனி அவர் நோயாளியின் பக்கத்தில் போக முடியாது. மாதக் கடைசியில் உத்தரவு போகும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.

இயக்குநரிடம் போனேன்.

"அந்தப் புகார் பொய் சார்."

"யார் சொன்னா?"

"நான்தான் சொல்லி எழுத வெச்சேன்."

இயக்குநர் பேனாவை மூடி வைத்தார். "உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு நெனைக்கிறேன். ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க. புகார் பொய்னா ஆறு அஞ்சாயிடும். அஞ்சானா இல்லம் பெயில். அங்க இருக்கறவங்களை நாலாவது மாடிக்கு அனுப்பணும். அது உங்களுக்கு நல்லா இருக்கா?"

"இல்ல சார். ஆனா தலை வாரிவிடற அந்தம்மா ஒரு தப்பும் பண்ணலையே."

"நமக்குப் புகார் இருக்கணும். அது நிரூபணமாகியிருக்கணும். யார் மேலங்கறதைப் பத்தி நம்ம துறை என்னைக்காவது கவலைப்பட்டிருக்கா?"

அவர் அதைக் கண்டிக்கிற தோரணையில்தான் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஆவண அறைக்குப் போனேன். அங்கே தூசியைத் தவிர யாரும் இல்லை. கோப்பை எடுத்தேன். புகாரை நீக்க எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் பெயர் தவறாகப் பதிவாகியிருந்தால் திருத்தச் சீட்டு ஒட்டலாம். சம்பந்தப்பட்ட நாளில் பணி நிமித்தம் இல்லத்தில் இருந்த யாருடைய பெயராகவும் அது இருக்கலாம். அதற்கு மூத்த மதிப்பீட்டாளர் கையெழுத்து ஒன்று போதும். இதுவும் நான் எழுதிய விதிதான். எதற்காக எழுதினேன் என்று மறந்துபோயிருந்தது.

சீட்டில் பழைய பெயர் என்ற இடத்தில் சீப்பக்காவின் பெயரை எழுதினேன். அவருடைய நிஜப்பெயரை அன்றுதான் சரியாகக் கவனித்தேன். திருத்திய பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். பதவியையும் ஊழியர் எண்ணையும் சேர்த்தேன். இனி நான் எந்த இல்லத்துக்குள்ளும் போக முடியாது. முதல் மாடியில் கடிதங்களுக்கு எண் போடும் மேசை ஒன்று வெகுநாளாகக் காலியாக இருக்கிறது. அங்கே போடுவார்கள். அதற்கு முன்னால் பிளாஸ்டிக் தலையோடு இரண்டு நாள்.

பசை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தேன். பிறகு, ஒரு மதிப்பீட்டாளன் செய்யவே செய்யாத காரியமாக, கோப்பை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். டைப்பிஸ்ட் அம்மாவின் கையெழுத்து நேராக, கோடு போட்டதுபோல் இருந்தது. மேற்படி ஊழியர் கடந்த ஒன்பது நாட்களாக எனக்குத் தலை வாரிவிடவில்லை என்றிருந்தது. மேற்படி ஊழியர் என்ற இடத்தில் இப்போது நான் இருந்தேன். அந்தக் காகிதத்தில் இனிப் பொய் எதுவும் இல்லை.

கோப்பைக் கட்டி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, விளக்கை அணைத்தேன்.